ஒன்றை மாற்று, ஒன்றை வைத்திரு: கதையும் கட்டுரையும் கலந்து படிக்க நூல் தேடும் வழி

புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் சரித்திர நாவல் ஒன்றை ரசித்துப் படிக்கிறார். அதே ஆசிரியரின் மற்ற நாவல்கள், அதே பாணியில் எழுதும் மற்றவர்கள் என்று போய், பத்தாவது நூலில் எல்லாம் ஏற்கெனவே படித்ததுபோல் இருக்கிறது என்று விட்டுவிடுகிறார். இன்னொருவர் தன்முன்னேற்ற நூல்களோடு தொடங்குகிறார். நாலாவது நூலுக்குள் அறிவுரைகள் திரும்பத் திரும்ப வர, அவரும் நிறுத்திவிடுகிறார். இருவருக்கும் வாசிக்கும் ஆசை குறையவில்லை. பக்கத்து அலமாரிக்குப் போகும் வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த வழியைப் படிப்படியாகச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

படித்ததை முதலில் எழுதிப் பாருங்கள்

நீங்கள் முழுக்கப் படித்த கடைசிப் பத்து நூல்களை ஒரு தாளில் எழுதுங்கள். பத்து தேறவில்லை என்றால் ஐந்து போதும். பள்ளியில் ரசித்த துணைப்பாடக் கதையும் கணக்கில் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் எதிரே நான்கு விவரங்களைக் குறியுங்கள்: என்ன வகை, எந்தக் காலத்தைப் பற்றியது, எந்த ஊர் அல்லது நிலம், எழுதியவர் யார். கடைசி விவரத்தில் ஆணா பெண்ணா, எந்த வட்டாரத்துக்காரர், தமிழிலேயே எழுதியதா மொழிபெயர்ப்பா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. எழுதி முடித்ததும் எந்த விவரத்தில் ஒரே விடை வரிசையாக வந்திருக்கிறது என்பது கண்ணில் படும். பத்தும் நாவல், பத்தும் சோழர் காலம், பத்தும் ஆண்கள் எழுதியவை, ஈழத்திலிருந்து ஒன்றுகூட இல்லை என்று ஏதோ ஒன்று தெரியவரும்.

அடுத்து, ஒவ்வொரு நூலிலும் உங்களைப் பிடித்து உட்காரவைத்தது எது என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய நான்சி பேர்ல் என்ற நூலகர், ஒரு நூலுக்குள் வாசகர் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்று வகுத்தார்: கதைப்போக்கு, மாந்தர், களம், மொழி. இந்தப் பகுப்பு மிகவும் பயனுள்ளது, ஏனென்றால் நாவலிலிருந்து அபுனைவுக்கு, அதாவது கற்பனையல்லாத எழுத்துக்கு, கடக்க இதுவே பாலம். களத்துக்காக நாவல் படிப்பவருக்குப் பயண நூலும் வட்டார வரலாறும் ஒத்துவரும். மாந்தருக்காகப் படிப்பவருக்குத் தன்வரலாறும் வாழ்க்கை வரலாறும். அடுத்து என்ன நடக்கும் என்ற துடிப்புக்காகப் படிப்பவர் வழக்கு விவரங்கள், போராட்ட வரலாறு, கடற்பயணக் குறிப்புகள் பக்கம் போகலாம். மொழிக்காகப் படிப்பவருக்கு நல்ல கட்டுரைத் தொகுப்பும் கவிதையும் இருக்கின்றன. கட்டுரை நூல் என்றாலே பாடப்புத்தகம்போல் இருக்கும் என்று ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பொருந்தாத வாசலில் தட்டியவர்கள்.

ஒன்றை மாற்று, ஒன்றை வைத்திரு

பலவகையாகப் படிக்கவேண்டும் என்று முடிவெடுத்தவர் செய்யும் முதல் தவறு, ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றுவது. நேற்றுவரை குடும்ப நாவல் படித்தவர் இன்று அணு இயற்பியலை எடுத்தால் 30 பக்கம் தாண்டமாட்டார். பழக்கமான பொருளும் இல்லை, பழக்கமான நடையும் இல்லை. காலூன்ற இடமில்லாமல் போய்விடும். ஆகவே அடுத்த நூலைத் தேர்ந்தெடுக்கும்போது பொருள், இடம், ஆசிரியர் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு வகையை மாற்றுங்கள்.

ஆசிரியரை வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளிது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ ஆந்திரப் பக்கத்திலிருந்து தெற்கே வந்து கரிசல் நிலத்தில் குடியேறிய மக்களைப் பற்றிய நாவல். அதே ஆசிரியர் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்தார், நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார், கட்டுரைகள் எழுதினார். நாவல் பிடித்தவர் அடுத்து அவருடைய கட்டுரைத் தொகுப்பை எடுத்தால், பழகிய குரலே பேசுவதால் வகை மாறியது உறுத்தாது. தி. ஜானகிராமனின் நாவல்களில் தஞ்சை மண்ணை ரசித்தவருக்கு, அவரும் எழுத்தாளர் சிட்டியும் சேர்ந்து காவிரியின் கரை நெடுகப் பயணம்செய்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ இருக்கிறது. அதைப் படித்த பிறகு ஆறு பற்றிய அறிவியல் நூலையோ, காவிரிப் பாசன வரலாற்றையோ எடுத்தால் இடம் பழகியிருக்கும், வகை மட்டும் புதிதாக இருக்கும்.

நூலுக்குள்ளேயே வழி காட்டும் இடங்கள் உண்டு. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த தன்வரலாறு. அதில் அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெரும் இடம் பிடிக்கிறார். அவரைப் பற்றித் தனியாக ஒரு வாழ்க்கை வரலாற்றையும் சாமிநாதையரே எழுதியிருக்கிறார். திருவாவடுதுறை மடம், கும்பகோணம் கல்லூரி, சீவக சிந்தாமணி என்று தன்வரலாற்றில் வரும் ஒவ்வொரு பெயரும் ஒரு கிளை. படிக்கும்போது இப்படி வரும் பெயர்களை அட்டையின் உட்பக்கத்திலோ ஒரு சீட்டிலோ குறித்துக்கொண்டே போனால், நூல் முடியும்போது அடுத்த ஐந்து நூலுக்கு வழி கையில் இருக்கும். முன்னுரையில் ஆசிரியர் நன்றி சொல்லும் நூல்கள், பின்னிணைப்பில் உள்ள துணைநூல் பட்டியல் இரண்டையும் தவறாமல் பாருங்கள். அபுனைவு நூல்களில் இந்தப் பட்டியலுக்கு ஈடான பரிந்துரை வேறு எங்கும் கிடைக்காது.

எத்தனை நூல், எந்தக் கலவை

பத்து நிமிடம் கடிகாரம் வைத்துப் படித்து, எத்தனை பக்கம் போனது என்று எண்ணுங்கள். நாவலில் ஒருமுறை, கட்டுரை நூலில் ஒருமுறை. 10 நிமிடத்தில் 6 பக்கம் என்றால், நாளைக்கு 20 பக்கம் படிக்க அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஆண்டில் 300 நாள் அப்படிப் படித்தால் 6,000 பக்கம், அதாவது 250 பக்க அளவில் 24 நூல். இதில் பாதி நடந்தாலே 12. தொடங்குபவர் 12ஐ இலக்காக வைத்துக்கொள்வதே நல்லது.

அந்த 12க்கு ஒரு கலவை: நாவல் 3, சிறுகதைத் தொகுப்பு 2, மொழிபெயர்ப்பு 2 (ஒன்று இந்திய மொழியிலிருந்து, ஒன்று வெளிநாட்டிலிருந்து), தன்வரலாறு அல்லது வாழ்க்கை வரலாறு 1, வரலாறு 1, இயற்கை அல்லது அறிவியல் 1, பயணம் 1, மிச்சம் 1 உங்கள் இஷ்டத்துக்கு. அந்த ஒன்றில் சமையலோ சினிமாவோ சதுரங்கமோ எதுவும் இருக்கலாம். கவிதையை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நாளுக்கு ஓரிரு பக்கம் படிப்பதுதான் சரியாக வரும். சிறுகதைத் தொகுப்பையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். நாலைந்து கதைக்குமேல் தொடர்ந்து படித்தால் எல்லாம் கலங்கி ஒன்றாகிவிடும். கனமான வரலாற்று நூல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே ஒரு கதை படிப்பது இரண்டுக்கும் நல்லது.

நூலகத்தில் தேடும் விதம்

நூல் தேடப் பழக நூலகத்தைவிட நல்ல இடமில்லை. தவறான நூலை எடுத்தாலும் காசு போகாது. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இப்போது அது ரூபாய்க்கு 10 காசு. ஆகவே உங்கள் ஊர்க் கிளை நூலகம் ஏற்கெனவே நீங்கள் பணம் கட்டிய நூலகம்தான். அடையாள அட்டை, முகவரிச் சான்று, சிறிய காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா ஆகியவற்றோடு போனால் உறுப்பினராகிவிடலாம். பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. வாசல் பலகையில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் நாவல் அலமாரிக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் மூன்று இடங்கள்: புதுவரவுத் தட்டு, வாசகர்கள் திருப்பிக் கொடுத்து இன்னும் அடுக்கப்படாத குவியல், பருவ இதழ் மேசை. திரும்பி வந்த குவியல் மிகவும் நம்பத்தகுந்தது. அங்கே இருப்பவை உங்கள் ஊரில் யாரோ உண்மையிலேயே எடுத்துப்போன நூல்கள். நன்றாகப் புரட்டப்பட்டுக் கடைசிப் பக்கம்வரை மடிப்பு விழுந்திருந்தால் அது படிக்கப்பட்ட நூல். முதல் 40 பக்கம் மட்டும் அழுக்காகி மிச்சம் புதிதாக இருந்தால், பலரும் அங்கேயே நின்றிருக்கிறார்கள் என்று பொருள்.

பிறகு அலமாரி நடை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில், நூலின் முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்தே போகலாம். தமிழ் நாவலும் சிறுகதையும் 894.8113இல் இருக்கும். அபுனைவுக்கு இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நாட்டார் வழக்காறு 398, வானியல் 520, பறவைகள் 598, சமையல் 641.5, இசை 780, சினிமா 791.43, பயணம் 910 முதல் 919வரை, வாழ்க்கை வரலாறு 920, இந்திய வரலாறு 954. ஒவ்வொரு முறை போகும்போதும் இதுவரை நிற்காத ஓர் எண்ணுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று, மூன்று நூலை உருவி எடுத்து, ஒன்றை இரவல் வாங்குங்கள். சிறிய நூலகங்களில் எண் ஒழுங்கு குலைந்திருக்கும், சிலவற்றில் பொருள்வாரியாகப் பலகை மட்டும் இருக்கும். அங்கே கண்ணை நம்பி நடப்பதுதான் வழி.

நூலகரிடம் கேட்கத் தயங்காதீர்கள். “நல்ல புத்தகம் இருந்தா சொல்லுங்க” என்று கேட்டால் அவரால் எதுவும் சொல்லமுடியாது. “மீனவர்களப் பத்தின நாவல் ஒண்ணு படிச்சேன், புடிச்சிருந்தது. கடலப் பத்திக் கதையா இல்லாம எதாவது இருக்குங்களா?” என்று கேட்டுப்பாருங்கள். பிடித்தது ஒன்று, வேண்டிய மாற்றம் ஒன்று, இந்த இரண்டும் தெரிந்தால் அவர் எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார். சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பவை. இரண்டையும் சேர்த்துவைப்பது நூலகரின் பணி. கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் அந்தப் பணி பல இடங்களில் மறந்துபோயிருக்கிறது.

கிளை நூலகத்தில் கிடைக்காததற்கு மாவட்ட மைய நூலகம். அதையும் தாண்டினால் சென்னையில் எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம். 1896 முதல் இயங்கும் கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்துசேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. அச்சில் இல்லாத நூலைத் தேடுபவர் முதலில் போகவேண்டியது அங்கேதான்.

விருதும் மதிப்புரையும்

விருதுப் பட்டியலைத் தரவரிசையாகப் பார்க்காமல், பலசரக்குக் கடையின் சாமான் பட்டியல்போல் பாருங்கள். சாகித்திய அகாதமி விருது தமிழுக்கு முதன்முதலில் 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் கட்டுரைத் தொகுப்புக்குக் கிடைத்தது. மறு ஆண்டு நாவலுக்கு. 1962இல் பயண நூலுக்கு, 1966இல் வள்ளலார் பற்றிய நூலுக்கு. 2021இல் சிறுகதைத் தொகுப்புக்கு, 2023இல் நாவலுக்கு, 2024இல் ஆ. இரா. வேங்கடாசலபதி 1908 திருநெல்வேலி எழுச்சியையும் வ.உ.சி.யையும் பற்றி எழுதிய வரலாற்று ஆய்வுக்கு. இந்த ஒரே பட்டியலிலிருந்து வகைக்கொன்றாக ஐந்து நூல் எடுத்தால் அரை ஆண்டு கலவை தயாராகிவிடும். ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள்: மூத்த எழுத்தாளருக்கு விருது பல சமயம் தாமதமாக வருகிறது. விருது பெற்ற நூல் அவருடைய மிகச்சிறந்த நூலாக இருக்கவேண்டியதில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவருடைய மற்ற நூல்களையும் புரட்டிப் பாருங்கள். அகாதமி மொழிபெயர்ப்புக்கும் 1989 முதல் தனி விருது தருகிறது. மொழிபெயர்ப்பு தேடுபவருக்கு அந்தப் பட்டியல் இன்னும் உதவும்.

மதிப்புரை படிக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: இதைப் படித்ததும் நூலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததா? ‘அனைவரும் அவசியம் படிக்கவேண்டிய நூல்’ என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. எந்தக் காலம், என்ன பொருள், எப்படிப்பட்ட நடை, எங்கே சறுக்குகிறது என்று சொல்லும் மதிப்புரையாளர் இருவர் மூவரைக் கண்டுபிடித்து அவர்களைத் தொடருங்கள். அவர்களுடைய ரசனை உங்களுடையதோடு ஒத்துப்போகவேண்டும் என்பதுகூட இல்லை. அவர் பாராட்டினால் உங்களுக்குப் பிடிக்காது என்று உறுதியாகத் தெரிந்தாலும் அதுவும் வழிகாட்டல்தான். ‘புத்தகம் பேசுது’, ‘உங்கள் நூலகம்’ போன்ற இதழ்களும், நாளிதழ்களின் நூல் பக்கங்களும் நூலக மேசையிலேயே கிடைக்கும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை

இந்தியாவில் ஓர் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தபின் அவர் நூல்கள் பொதுவுடைமை ஆகின்றன. அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு பல எழுத்தாளர்களின் குடும்பத்துக்குத் தொகை வழங்கி அவர்களுடைய படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. இவை சட்டப்படியே இலவசம் என்பதால் திருட்டுப் பிரதி தேடி அலையவேண்டியதில்லை.

எங்கே எது கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். சங்க இலக்கியம் முதல் பழைய நாவல்வரை எழுத்து வடிவில் படிக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம். நாட்டுடைமை நூல்கள், பழைய இதழ்கள், அரிய பதிப்புகள் ஆகியவற்றின் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம். தமிழ்நாட்டு வாசகர் பட்டியலில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் இடத்தை நிரப்ப இதைவிட நல்ல இடம் கிடையாது. எழுத்தாளர்களே உரிமம் தந்து வெளியிட்ட புதிய நூல்கள் இலவசத் தமிழ் மின்னூல் தளங்களில் இருக்கின்றன.

தேடும்போது நடக்கும் கோளாறு எழுத்துக்கூட்டல். ‘ராஜம்’ என்று தேடினால் வராதது ‘இராசம்’ என்று தேடினால் வரும். முன்னெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே புள்ளி, இடைவெளி இருப்பதும் இல்லாததும் முடிவை மாற்றும். பெயரின் மையப் பகுதியை மட்டும் இட்டுத் தேடுங்கள். வல்லினம் மிகும் இடங்களில் ஒற்றோடு ஒருமுறை, ஒற்று இல்லாமல் ஒருமுறை. வருடிய பழைய நூல்களில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, னை வடிவங்கள் இருக்கும். இரண்டு மூன்று நாளில் கண் பழகிவிடும். வருடிய கோப்பைச் சிறிய கைப்பேசித் திரையில் படித்தால் எவருக்கும் சலித்துவிடும். 20 பக்கம் திரையில் படித்துப் பார்த்து, பிடித்தால் அச்சு நூலை வாங்குவதற்கோ இரவல் எடுப்பதற்கோ அதைப் பயன்படுத்துங்கள்.

வாங்குமுன் கால் மணி நேரம்

கடையிலோ நூலகத்திலோ நூலைக் கையில் எடுத்ததும் பின்னட்டையை விட்டுவிட்டு, உரிமைப் பக்கத்தைத் திறங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு, மொத்தப் பக்கம், மொழிபெயர்ப்பு என்றால் மூல நூலின் பெயரும் மூல மொழியும் அங்கே இருக்கவேண்டும். மூல நூலின் பெயரே இல்லாத மொழிபெயர்ப்பைக் கீழே வைத்துவிடுங்கள். ரஷ்ய, ஸ்பானிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வருகின்றன. அது குற்றமில்லை, ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் பதிப்பு நேர்மையானது. ‘சுருக்கம்’, ‘தழுவல்’ என்ற சொற்கள் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்து முதல் இரண்டு பக்கம், நடுவில் எங்காவது இரண்டு பக்கம். முதல் பக்கத்தை எல்லா ஆசிரியரும் செதுக்கித்தான் எழுதியிருப்பார்கள்; நடுப்பக்கம்தான் உண்மையான நடையைக் காட்டும். மொழிபெயர்ப்பில் ஒரு பத்தியை உதட்டசைத்துப் படித்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்தின் எழுவாயைத் தேடி இரண்டு முறை திரும்பிப் போகவேண்டியிருந்தால், 300 பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

அபுனைவுக்குச் சோதனை வேறு. ‘அறிஞர்கள் கூறுகின்றனர்’, ‘ஆய்வில் தெரியவந்தது’ என்று மட்டும் எழுதி, யார், எப்போது, எங்கே என்று சொல்லாத நூலை நம்பவேண்டாம். அடிக்குறிப்பும் துணைநூல் பட்டியலும் இருக்கிறதா, பொருளடைவு இருக்கிறதா, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு செய்தியை, சொந்த ஊரையோ சொந்தத் தொழிலையோ பற்றியதை, நூல் சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். தெரிந்ததில் தவறு செய்யும் நூல் தெரியாததிலும் செய்யும். மருத்துவம், சட்டம், முதலீடு போன்றவற்றில் முதற்பதிப்பு ஆண்டு முக்கியம். 1990களில் எழுதிய வருமான வரி விளக்கம் புதிய அட்டையோடு விற்பனைக்கு வந்தாலும் பழையதுதான். பறவை, மரம், சமையல் நூல்களில் படங்களின் அச்சுத் தரத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் மங்கிய படமுள்ள பறவைக் கையேடு களத்தில் உதவாது.

நாட்டுடைமை ஆன பழைய நூல்களில் இன்னொரு சிக்கல். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம் கொண்டது. பல பதிப்பகங்கள் பல விலையில் அச்சிடுகின்றன. மலிவான பதிப்பு எல்லாம் மோசம் என்றில்லை. ஐந்து பாகமும் முழுமையாக இருக்கின்றனவா, எழுத்து கண்ணை உறுத்தாத அளவா, எங்காவது ஒரு பக்கத்தில் எத்தனை எழுத்துப்பிழை என்று எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

புத்தகக் காட்சியில்

சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது, தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. ஆகஸ்டில் ஈரோடு, பிறகு மாவட்டந்தோறும் அரசு உதவியோடு நடப்பவை என்று ஆண்டு முழுவதும் வாய்ப்பு உண்டு. வழக்கமான தள்ளுபடி 10 சதவீதம். தள்ளுபடிக்காகவே போவதென்றால் பயணச் செலவு அதைத் தின்றுவிடும். கடையில் கிடைக்காத சிறு பதிப்பகங்களின் நூல்களை ஒரே கூரையின்கீழ் புரட்டிப் பார்க்க முடிவதுதான் அங்கே போவதன் பயன்.

முடிந்தால் இரண்டு நாள் போங்கள். முதல் நாள் வார நாளில், கூட்டமில்லாத முற்பகுதியில் போய், எதையும் வாங்காமல் அரங்குகளின் விலைப்பட்டியலை மட்டும் வாங்கிவாருங்கள். அரங்கு எண், நூல் பெயர், விலை மூன்றையும் குறியுங்கள். வீட்டில் உட்கார்ந்து உங்கள் 12 நூல் கலவையோடு ஒப்பிட்டு, ஏற்கெனவே நிரம்பிய வகையின் நூல்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இரண்டாம் நாள் பட்டியலோடு போய் வாங்குங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்கு பட்டியலுக்கும் ஒரு பங்கு அங்கே தற்செயலாகக் கண்ணில் படுவதற்கும் வைக்கலாம். அந்த மூன்றாம் பங்கை ஒழிக்கவேண்டாம், எதிர்பாராத நூல்கள் அங்கிருந்துதான் வரும். ஒரே நாளில் போய்வருபவர் முதல் சுற்றில் பை இல்லாமல் நடந்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டாம் சுற்றில் வாங்கினால் ஏறக்குறைய அதே பலன்.

சாகித்திய அகாதமி, நேஷனல் புக் டிரஸ்ட் அரங்குகளைத் தவறவிடாதீர்கள். 1957இல் தொடங்கப்பட்ட டிரஸ்டின் ஆதான் பிரதான் வரிசையில் வங்கம், கன்னடம், மலையாளம், ஒடியா என்று மற்ற இந்திய மொழி நூல்கள் தமிழில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அட்டை எளிமையாக இருப்பதால் பலர் கடந்துபோகிறார்கள். அறிவியலுக்கும் சிறுவர் நூலுக்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வெளியீடுகளைப் பாருங்கள். பெரியவர்களும் ஓர் அறிவியல் துறைக்குள் நுழைய நல்ல சிறுவர் நூலில் தொடங்கலாம், அதில் கூச்சம் எதற்கு.

காட்சியில் அதிகம் நடக்கும் தவறு தொகுதிகளை வாங்குவது. ஓர் எழுத்தாளரின் முழுத் தொகுப்பு 1,200 பக்கத்தில் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கினால், கனத்தாலேயே அது அலமாரியை விட்டு இறங்காது. பேருந்திலும் படுக்கையிலும் பிடிக்கமுடியாத நூலைத் தொடங்குபவர் படிப்பதில்லை. முதலில் அவருடைய 150 பக்க நூல் ஒன்று, பிடித்தால் அடுத்த ஆண்டு தொகுப்பு.

நடுவில் நின்றுபோனால்

பிடிக்காத நூலை எத்தனை பக்கம்வரை படிப்பது? நான்சி பேர்லின் கணக்கு 50 பக்கம். வயது 50ஐத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கம். சிறுகதைத் தொகுப்பில் மூன்று கதை. வட்டார வழக்கில் எழுதிய நாவலுக்கு மட்டும் கூடுதலாக 30 பக்கம் கொடுங்கள்; சொல் பழகாததால் வரும் தடையைக் கதையின் குறை என்று எடுத்துக்கொண்டுவிடக்கூடாது. வரலாற்று நூலின் முதல் இயலில் முந்தைய ஆய்வுகளைப் பற்றிய விவாதம் இருந்தால் அதைத் தாண்டி இரண்டாம் இயலில் தொடங்கலாம். அபுனைவை வரிசையாகத்தான் படிக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நிறுத்திய நூலைப் பற்றியும் ஒரு வரி எழுதிவையுங்கள்: பெயர், நிறுத்திய பக்கம், காரணம். காரணம் ‘நடை’, ‘பொருள்’, ‘நேரம்’ என்று ஒரு சொல்லாக இருக்கட்டும். நடைக்காக நிறுத்தியிருந்தால் அதே பொருளில் வேறு ஆசிரியரைத் தேடுங்கள். பொருளுக்காக என்றால் அந்த ஆசிரியரின் வேறு நூல். நேரம் என்று எழுதியவற்றை ஓராண்டு கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலில் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய பட்டியலைப் பாருங்கள். இன்னும் காலியாக இருக்கும் வகைக்கு நூல் வாங்க வேண்டாம். நூலகத்துக்குப் போய், அந்த வகைக்குரிய அலமாரி எண்ணுக்கு முன்னால் நின்று, 120 பக்கத்துக்குள் இருக்கும் மெல்லிய நூலாக ஒன்றை எடுத்துவாருங்கள்.